நாவல்மரத்து வளைவில் ஏறுகிறவர்

பழநி மலைச்சாலையை அகலப்படுத்துகிறார்கள். சூடான தார் வாசம் காருக்குள் வந்ததும் அப்பா ஓட்டிய பஸ் ஞாபகம் வந்தது.

நாவல்மரத்து வளைவில் ஆளே இருக்காது, ஆனாலும் நிறுத்துவார். கண்டக்டர் கதவைத் திறந்து, "வெரசா ஏறுங்க" என்பார். ஈர மூடுபனி மட்டும் உள்ளே வரும். முன்சீட்டில் யாரையும் உட்காரவிடமாட்டார்கள். அடுத்த பாலத்தில் அப்பா நிறுத்த, கண்டக்டர் "எறங்கிக்கங்க" என்பார்.

"யாருப்பா அது?"

"ஏலே, மறக்காம எறக்கிவிடுறதுதான் நம்ம சோலி. பேரெல்லாம் கேக்கக்கூடாது."

இன்று தனியாகப் போன நான், அதே வளைவில் கார்க் கதவைத் திறந்து, "ஏறுங்க" என்றேன். ஐம்பது வயதில் இந்தக் குசும்பு தேவையா? அடுத்த பாலத்தை இடித்துப்போட்டு, பக்கத்தில் மாற்றுப்பாதை விட்டிருந்தார்கள்.

"இங்கன நிக்காதீங்க சார், போங்க!" என்று கொடியாட்டி விரட்டினார் சாலைப் பணியாளர்.

"கொடைக்கானல்ல எறக்கிவிடுறேங்க" என்று பக்கத்து இருக்கையிடம் பணிவாகச் சொன்னேன். அந்த இருக்கைக்குப் பெல்ட் போடச்சொல்லி கார் கத்தத் தொடங்கியது.