வென்று வந்தார் என்று எழுதாதீர்கள்

முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது அண்ணியிடமிருந்து போன் வந்தது. “தம்பி, உங்க அண்ணன் பூட்டாரு.” சொல்லிவிட்டு அழுதார். குவார்ட்டர்ஸை நான் அடைவதற்குள் வாசலில் பிளக்ஸ் வைத்துவிட்டார்கள். ‘போரில் வெற்றி வாகை சூடித் திரும்பிய மாவீரர் தட்சிணாமூர்த்தி.’ அடித்து வைத்தது வேறு யாருமல்ல, அவரோடு சுரங்கத்து கேட்டில் காவல் பார்த்த எங்கள் ஆட்கள்தான். உயிரோடு இருந்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பார். கிழிக்காமல் நின்ற என் மேல்தான் எனக்கு முதல் கோபம்.

மூர்த்தி அண்ணன் எந்தப் போரிலும் வெல்லவில்லை. கடல் தாண்டி அமைதி காக்க அனுப்பப்பட்ட படையில் போனவர். அங்கே யாருக்கும் வேண்டாதவர்களாகித் திரும்பி வந்ததை அவரே சொல்வார். “கப்பல விட்டு எறங்குறோம், பேண்டு வாசிக்கிறானுங்க. போட்டோ எடுக்கிறவன் சிரிங்க சிரிங்கன்றான். எட்டு நாள் முன்னாடி கலியபெருமாள மண்ணுல கெடத்திட்டு வந்துக்கினு இருக்கோம், எப்படிங்க சிரிப்பு வரும்?”

கலியபெருமாள் திருவதிகைக்காரர். படையில் ஜீப் ஓட்டியவர். துறைமுகத்துக்கு வரும் வழியில் அவரைச் சுட்டார்கள், வண்டி கவிழ்ந்தது. பக்கத்து சீட்டில் அண்ணன் இருந்தார். ஆனால் அந்த வாரம் ரேடியோவில் சண்டை ஓய்ந்துவிட்டது, பணி நிறைவேறியது, படை பெருமையோடு திரும்புகிறது என்றே செய்தி. ஓய்ந்த சண்டையில் ஒருவன் சுடப்பட்டுச் சாகலாமா? அதனால் கலியபெருமாளின் அம்மாவுக்கு வந்த கடிதத்தில் ‘வாகன விபத்து’ என்று இருந்தது. ஊர் விடுமா? குடித்துவிட்டு ஓட்டிக் கவிழ்த்தான் என்று பேசியது. குடிப்பழக்கமே இல்லாத பிள்ளை அவர்.

பின்வாங்குகிற எல்லா அரசாங்கமும் இதைத்தான் செய்கிறது. தோல்வி என்ற சொல்லை மட்டும் வாயில் வரவிடாது. டீக்கடை டிவியில் ஏதோ ஒரு நாட்டுப் படை மூட்டை கட்டும்போது, ‘இலக்கு எட்டப்பட்டது’ என்று செய்தி ஓடும். அண்ணன் கிளாஸை நங்கென்று வைப்பார். “தோத்துட்டேன்னு சொன்னா செத்தவனுக்குப் பதில் சொல்லணும். ஜெயிச்சேன்னு சொன்னா மாலை போட்டா போதும்.” கடையில் இருந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒரு குடியரசு தினத்தன்று எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் பள்ளியில் கொடியேற்ற அவரைக் கூப்பிட்டார்கள். ‘வென்று திரும்பிய வீரர்’ என்று அறிமுகம் செய்ததும் அண்ணன் மைக்கை வாங்கினார். “நாங்க ஜெயிக்கலங்க. போவச் சொன்னாங்க போனோம், வரச் சொன்னாங்க வந்தோம். கூட வந்தவன சுட்டுட்டாங்க, அத விபத்துன்னு எழுதிட்டாங்க.” யாரோ மைக்கை அணைத்தார்கள். அடுத்த வருஷம் அவரை அழைக்கவில்லை. அன்று திரும்பும் வழியில், “பிள்ளைங்க எதிர்ல இதெல்லாம் எதுக்குண்ணே?” என்று நான் கேட்டேன். அந்தக் கேள்விக்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

அந்த ‘வாகன விபத்து’ கடிதத்தைத் திருத்தச் சொல்லி மனு மேல் மனு போட்டார். ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரே பதில். அதனால் கலியபெருமாளின் திதிக்கு வருஷம் தவறாமல் திருவதிகைக்குப் போவார். படையல் முடிந்ததும் தெருவில் இறங்கி, நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் நின்று, அவன் எப்படிச் செத்தான் என்று உரக்கச் சொல்லிவிட்டு வருவார். போன வருஷம் கேட்டவர்களே நின்றாலும் சொல்வார்.

அண்ணனின் சாவுக்குக் கலியபெருமாளின் தாய் அஞ்சலையம்மாள் வந்திருந்தார். பண்ருட்டியில் பஸ் மாறி, தள்ளாடி வந்து, அண்ணனின் காலடியில் உட்கார்ந்தார். “எம் புள்ள குடிக்கலன்னு ஊர்ல சொல்லிக்கினு இருந்த ஒரே வாயி, அதுவும் மூடிக்கிச்சே” என்று மாரில் அடித்துக்கொண்டார். பெற்றவள் சொன்னால் ஊர் நம்பாது, பார்த்தவனும் போய்விட்டான். மனுவைக் கிடப்பில் போட்டவர்கள் எதற்காகக் காத்திருந்தார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய கோபத்தை. மாசியில் கலியபெருமாளின் திதி வருகிறது. நான் பார்த்தவன் இல்லை, பார்த்தவர் வாயால் கேட்டவன். திருவதிகைத் தெருவில் நின்று அதைச் சொல்வேன்: கலியபெருமாள் குடித்துச் சாகவில்லை. அவரைச் சுட்டார்கள். அரசாங்கம் பொய் சொன்னது.