அண்ணன் சுமந்த ஈட்டி மரம்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரை வாங்கும் உற்றாருக்கும் நண்பர்களுக்கும் அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுந்தவர்கள் இருக்கிறார்கள். அவரோடு குறைந்த காலம் இருந்தவன் நான்.

அண்ணன் பிறந்தது திருத்தணி மலையடிவாரத்தில். நைனா என்று நாங்கள் அழைத்த அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பதினாறு வயது. தச்சு வேலை செய்து அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். நான் ஆறாம் வகுப்போடு நின்றேன். பிறகு அரக்கோணத்தில் ரயில் ஏறினேன். ஊர் ஊராக வேலை, பசி, மறுபடி வேலை. அவ்வளவுதான்.

மைசூர்ப் பக்கம் ஒரு மரக்கிடங்கில் கூலியாக இருந்தபோது, ஓர் ஈட்டிக் கட்டை வாங்கி அண்ணனுக்கு ரயிலில் அனுப்பினேன். ஈட்டி அறுத்த புதிதில் ஊதா நிறம். போகப் போகக் கறுக்கும். அறுக்கும்போது இனிய வாசனை வரும். கரையான் தொடாது. மெருகேற்றினால் கருவரிகள் எழுந்து நிற்கும். வசதியானவர்கள் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் கனம் அதிகம், உளியை மழுக்கிவிடும். "கட்டில் செய்துகொள்ளுங்கள்" என்று எழுதினேன்.

அண்ணன் காவடி செய்தார். நான் திரும்பி வரவேண்டும் என்று முருகனுக்கு வேண்டியிருந்தாராம். காவடிக்கு லேசான மரம்தான் எடுப்பார்கள். தச்சருக்கு அது தெரியாதா? அண்ணி சத்தம் போட்டிருக்கிறார்.

"இன்னாங்க இது? இத்த தூக்கினு மலை ஏறுவீங்களா?"

"அவன் அனுப்ச்ச மரம்டி. அவனே தோள்மேல குந்தினு வர்ற மாதிரி இருக்கும்."

ஆடிக் கிருத்திகையன்று பக்கத்து வீட்டு நெசவுக்கார மாமா கேலி செய்தாராம்: "வேண்டினது நடந்தப்புறந்தான காவடி எடுப்பாங்க? தம்பி இன்னும் வர்லியே மேஸ்திரி!"

"வேலைக்கு நாம அட்வான்ஸ் வாங்கறோம் இல்ல? சாமிக்கு நான் குடுக்கறேன்."

ஆறு ஆடி அப்படி எடுத்தார். வலத்தோள் காய்த்துப்போனது. நான் வரவில்லை. கட்டையை அனுப்பிவிட்டால் ஊருக்குப் போகாத குறை தீர்ந்துவிடும் என்றுதான் அனுப்பினேன். இதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அண்ணன் நெஞ்சு நோயில் படுத்திருக்கிறார் என்று அண்ணி எழுதிய கடிதம் கண்டு வந்தேன். எங்கே இருந்தாய் என்று அவர் கேட்கவில்லை. "மூணு உளி போச்சுடா உன் கட்டையில" என்றார். சிரித்ததில் இருமல் வந்தது.

அதன்பின் நாற்பது நாள் இருந்தார். கண் விழித்ததும், நான் இருக்கிறேனா என்று அண்ணியைக் கேட்பார்.

"கீறானா?"

"ஆங், கீறாரு. பல்லு வெளக்கினு கீறாரு."

இரவு பகல் பார்க்காமல் கவனித்த அண்ணிக்கும், வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன நெசவுக்கார மாமாவுக்கும், கடைசியில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கடைசி நாள் காலையில் அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. நானே அருகில் போய், "கீறேண்ணா" என்று சொன்னேன்.