எந்தக் காலுக்கும் பொருந்தும் பூட்ஸ்

கில்பிராண்டனில் பனிமேல் தூரத்தில் ஓர் ஆள் வந்தால் எங்கள் சபைக்காரனா, வெளியூர்க்காரனா என்று நடையை வைத்தே சொல்லிவிடலாம். வாத்துபோல அசைந்து வந்தால் எங்கள் ஆள். அந்தப் பெருமை முழுக்க என் அக்காள் எல்ஸ்பெத்தின் புருஷன் ஆடம் கார்ஸ்வெல்லையே சேரும். ஊருக்கு பூட்ஸ் தைத்தவர் அவர்தான்.

ஸ்காட்லாந்தில் இருந்து கப்பலேறி வந்தபோது மற்றவர்கள் விதை கொண்டுவந்தார்கள், கோடரி கொண்டுவந்தார்கள். அத்தான் தன் அப்பா விட்டுப்போன மரக்கட்டைகளை மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். பூட்ஸ் தைப்பதற்காகக் கால் வடிவத்தில் செதுக்கிய கட்டைகள். எங்கே திரும்பினாலும் மரமாகவே நிற்கிற கனடாவுக்குக் கடல் தாண்டி மரம் சுமந்த மனிதர் வேறு யாராவது உண்டா என்று எனக்குத் தெரியாது.

அந்தக் கட்டைகளில் வலது, இடது கிடையாது. நேராக இருக்கும். தோலை அதன்மேல் இழுத்துத் தைத்தால் இரண்டு பூட்ஸும் ஒரே அச்சு. எங்கள் சனம் அதைக் குறை என்று நினைத்ததே இல்லை. இன்று வலது காலில் போட்டதை நாளை இடது காலில் போடுவோம். குதிகால் இரண்டு பக்கமும் சமமாகத் தேயும். ஒரு பூட்ஸ் பேரன் காலம்வரை வரும். காலில் காய்ப்பு வந்தால் அது கர்த்தர் கொடுத்தது. பூட்ஸ் தேய்ந்தால்தான் நம் குற்றம்.

இப்படி நிம்மதியாக நொண்டிக்கொண்டிருந்த ஊரில் பிக்கார்ட் என்பவன் கடை திறந்தான். மாண்ட்ரியலிலிருந்து வந்த பூட்ஸைக் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கிவைத்தான். வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. அத்தானின் சொந்த மகள் மார்ஜரியே அந்தக் கண்ணாடிமேல் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். பட்டறையில் ஆள் வரத்து நின்றது. இப்படியே போனால் பட்டறையை மூடிவிட்டு நிலத்தில் இறங்க வேண்டும். அத்தானுக்குக் கலப்பையில் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்பதே சந்தேகம்.

வலது, இடது பிரித்துத் தைக்கும்படி அக்காள் நயமாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் தோலைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"ஆண்டவர் ரெண்டு காலையும் ஒரே மாதிரிதான் படைச்சிருக்காரு. பிக்கார்ட் வந்து திருத்த வேண்டாம்."

"உங்க காலை நீங்க குனிஞ்சு பாத்து எத்தனை வருஷம் ஆச்சுங்க?"

அத்தானின் காலை வயிறு மறைத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. மறுநாள் மேப்பிள் கட்டையை எடுத்து முகத்தைச் சுளித்துக்கொண்டே வலதும் இடதுமாகச் செதுக்க ஆரம்பித்தார். அளவுக்குக் கால் கொடுக்க யாரும் வராததால் முதல் ஜோடி அக்காளுக்கே அமைந்தது. அவள் அதை மாட்டிக்கொண்டாள். அன்று சாயங்காலம் வீட்டு வாளிகளில் தண்ணீர் நிறைந்திருந்தும் கிணற்றடிக்குப் போவதும் வருவதுமாகவே இருந்தாள்.

அடுத்த ஜோடியை மாவு மில்காரர் லம்ஸ்டன் கேட்டு வாங்கிப்போனார். அவர் சபை மூப்பர். அவர் போட்டால் ஊரே போடும். அவர் உதறினால் பட்டறைக்குப் பூட்டுத்தான். அத்தான் அந்த வாரம் முழுக்க ஓட்ஸ் கஞ்சியைக்கூட மிச்சம் வைத்தார்.

சபையார் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து ஞாயிறு வந்தது. மூப்பர் எழுந்து மேசையை நோக்கி நடந்தார். நடந்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு பெஞ்சாகப் பிடித்துப் பிடித்து நகர்ந்தார். பாவத்தை நினைத்துத்தான் அப்படித் துடிக்கிறார் என்று பின்வரிசைப் பெண்கள் கண்ணீர் விட்டார்கள்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் எல்லோர் முன்னாலும் அத்தானைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா கார்ஸ்வெல், இது பூட்ஸா, எலிப்பொறியா? இனிமே உன் படிய மிதிக்கமாட்டேன்."

அத்தான் வெளுத்துப்போய் நின்றார். அக்காள் மட்டும் மூப்பரின் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தாள்.

"மூப்பரய்யா, நேத்து எப்படிப் போட்டிருந்தீங்க?"

"நேத்து போட்டதை இன்னிக்கு மாத்தித்தான் போட்டேன். எங்க அம்மா எனக்கு ஒழுங்காத்தான் கத்துக்கொடுத்திருக்கா."

அக்காள் அவரைப் படியில் உட்காரவைத்து, பூட்ஸைக் கழற்றி, கால் மாற்றி மாட்டிவிட்டாள். அவர் எழுந்தார். கல்லறைச் சுவர்வரை ஆடாமல் அசையாமல் நேராகப் போய்த் திரும்பி வந்தார். பிறந்ததிலிருந்து அவர் அப்படி நடந்து யாரும் பார்த்ததில்லை.

"இன்னிக்கு சரி. நாளைக்கு?"

"நாளைக்கும் இப்படியேதான்."

"நாளான்னைக்கு?"

"அன்னிக்கும்தான்."

மூப்பர் அதிர்ந்துபோனார். "தினமும் ஒரே கால்லயா? ஒரு பக்கமே தேஞ்சு போயிடுமேம்மா." அத்தானிடம் திரும்பினார். "நமக்கு இந்த ஊதாரித்தனம் ஆகாதுப்பா. பழைய மாதிரியே ஒரு ஜோடி தை."

கேட்டுக்கொண்டிருந்த ஊர் தலையாட்டியது. பிக்கார்டிடம் வாங்கியவர்களும் தினமும் மாற்றி மாற்றிப் போட்டுக் கால் புண்ணாகித்தான் இருந்தார்கள். இவ்வளவு நாள் வெளியே சொல்ல வெட்கம். எல்லோரும் பட்டறைக்குத் திரும்பினார்கள். பிக்கார்ட் அதன் பிறகு ஆணியும் மண்ணெண்ணெயும் விற்றான். அத்தானின் தொழில் பிழைத்தது திறமையால் என்று அவர் சாகும்வரை நம்பினார். கருமித்தனத்தால்தான் என்று நான் சொல்லுவேன். யார் மறுத்தாலும் சொல்லுவேன்.

புதுக் கட்டைகள் அடுப்புக்குப் போயின. அக்காளின் கால் அளவுக்குச் செதுக்கிய ஜோடியை மட்டும் அவர் எரிக்கவில்லை. அவளுக்கு அதில்தான் கடைசிவரை தைத்தார், ஏன் என்று கேட்டால் கோபித்துக்கொள்வார். ஞாயிறுதோறும் அவள் முன்னால் விறுவிறுவென்று போவாள். அவர் காய்ப்புக் காலோடு பின்னால் அசைந்து வருவார்.

அவர் இறந்த அன்று பூட்ஸோடுதான் பெட்டியில் வைக்க வேண்டும் என்று அக்காள் பிடிவாதம் பிடித்தாள். மார்ஜரி இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள்.

"எது எந்தக் காலும்மா?"

அக்காள் அவர் காலைத் தடவிக்கொடுத்தாள்.

"நேத்து எப்படிப் போட்டிருந்தாரோ, அதை மாத்திப் போடு. இல்லாட்டி அங்க போயும் தூங்கமாட்டாரு."