ஈர்க்கைக் கழற்றிக் கம்பி போட்ட கதை

உங்கள் காதில் எப்போதாவது ஈர்க்கு வைத்திருக்கிறீர்களா? தோட்டை விற்றபிறகு துளை தூர்ந்துபோகாமல் இருக்கத் தென்னோலை ஈர்க்கைச் சின்னதாக முறித்துச் செருகுவோமே, அதைத்தான் கேட்கிறேன். வைத்திருந்தால் நீங்கள் என்ரை ஆள், உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. கம்பியில் நகை செய்கிற தொழிலுக்குப் பெரிய கைவேலை ஒன்றும் தெரியத் தேவையில்லை. காதில் ஈர்க்கும் மனதில் கொஞ்சம் கோபமும் இருந்தால் போதும்.

என் தோடு விதைநெல்லாகப் போனது. அடுத்த நாள் வன்னியில், எங்கள் தர்மபுரத்தில் கடை வரிசையில் நின்றேன். பின்னால் நின்ற ஒரு பொம்பிளை என் காதைப் பார்த்துவிட்டு, “என்ன, உங்கட வீட்டிலயும் எல்லாம் முடிஞ்சுதோ?” என்றா. பரிவாகத்தான் கேட்டா. எனக்கோ கோபம் உச்சியில் ஏறிவிட்டது. வயலில் நெல் விதைத்தாயிற்று, மாடு கன்று போட்டிருக்கிறது, இடுப்பில் ஒன்றரை வயதுப் பிள்ளை சிரிக்கிறாள். என்ன முடிந்தது? வீட்டுக்கு வந்ததும் ஈர்க்கைப் பிடுங்கி அடுப்பில் போட்டேன். என் புருஷனின் தங்கச்சி ஜெயந்திக்கு இன்னும் நாலு மாதத்தில் கலியாணம். அவளுடைய காதிலும் ஈர்க்குத்தான். அந்தக் காதோடு அவளை மணவறையில் ஏற்றுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

பச்சைக் காது

தண்ணீர்ப் பம்பி மோட்டர்களுக்குக் கம்பி சுற்றுகிற ஒருவர் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் இருந்தார். எல்லாரும் அவரை மோட்டர் அண்ணை என்போம். எரிந்துபோன மோட்டரிலிருந்து கழற்றிய பழைய செப்புக் கம்பி அவரிடம் குவியலாகக் கிடந்தது. ஒரு சுண்டு பயறு கொடுத்து ஒரு கைப்பிடி வாங்கினேன். நெருப்பில் போட்டு எடுத்த கம்பி, தேசிக்காய்ப் புளியால் தேய்த்ததும் சிவப்பாகப் பளபளத்தது. ஆணியில் சுற்றிச் சுருள் தோடு செய்தேன். எனக்கொரு சோடி, பக்கத்து வீட்டுச் சொர்ணமக்காவுக்கு ஒரு சோடி.

ஒரு கிழமை ராணிகள் மாதிரித் திரிந்தோம். எட்டாம் நாள் இரண்டு பேருடைய காதும் பச்சை. எனக்கு எண்ணெயும் மஞ்சளும் பூச மாறிவிட்டது. சொர்ணமக்கா எங்கள் வாசல் படலையில் நின்றே தொடங்கினா:

“தோடுதானே பிள்ளை கேட்டனான், பாசி பிடிக்கிறதுக்கு என்ரை காதென்ன கிணத்துக் கட்டோ?”

எரிஞ்சு போச்சோ?

அந்தப் பழியோடு விட எனக்கு மனமில்லை. மோட்டர் அண்ணையின் குவியலைக் கிண்டிக் கிண்டிப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. புதுக் கம்பிக்கு மேலே மெல்லிய வாணிஷ் பூச்சு இருக்கும். அது இருக்கும்வரை கம்பி காதைத் தொடாது, பச்சையும் வராது. கழற்றச் சுகம் என்று அண்ணை சுருளை நெருப்பில் போடுகிறபோது பூச்சும் சேர்ந்து போய்விடுகிறது. எரிந்த மோட்டரிலும் ஒரு பக்கம்தான் கருகியிருக்கும். மற்றப் பக்கம் தேன் நிறத்தில் அப்படியே கிடக்கும்.

“நெருப்பிலை போடாமல் தாங்கோ அண்ணை” என்றேன். “ஒவ்வொண்டா உருவ எனக்கு ஒரு நாள் போயிடும்” என்றார். “நான் உருவுறன்” என்று பிள்ளையை மண்ணில் விளையாட விட்டுவிட்டு இருந்து உருவினேன். விரல் நுனியெல்லாம் வெட்டு. தடித்தது சட்டத்துக்கு, மெல்லியது சுற்றிக் கட்டுவதற்கு. அதன்பிறகு எந்தக் கம்பி வந்தாலும் எனக்கு ஒரே சோதனைதான். மூன்று தரம் வளைத்துப் பார்ப்பேன். முறிந்தால் வேண்டாம், துள்ளி நிமிர்ந்தால் வேண்டாம். வளைந்து நின்றால் கையில் கட்டிக்கொண்டு, வேர்க்க வேர்க்க ஒரு கொத்து மா இடிப்பேன். தோல் கறுக்காவிட்டால்தான் அது காதுக்குப் போகும். சைக்கிள் பிறேக் கம்பி துள்ளியது. கறன்ற் வராத தூணிலிருந்து விழுந்த அலுமினியம் கையைக் கறுப்பாக்கியது. வாணிஷ் போகாத செப்பு மட்டும் பாஸ்.

பிறகு மூன்று நாளைக்கு ஒருதரம் அண்ணையின் வாசலில் நின்று, மோட்டர் ஏதும் எரிஞ்சதோ என்று கேட்பேன். ஒருநாள் மனிசன் கையெடுத்துக் கும்பிட்டார்.

“தங்கச்சி, மோட்டர் ஓடோணும் எண்டுதான் எல்லாரும் வருவினம், எரிஞ்சு போச்சோ எண்டு ஆசையாக் கேட்டு வாறது நீர் ஒராள்தான்!”

டைனமோ

எங்கள் வீட்டில் நல்ல கம்பி இல்லாமலில்லை. என் புருஷனின் சைக்கிள் டைனமோவுக்குள் தலைமயிர் மாதிரிக் கம்பி இருந்தது. ஆனால் போர்த் தடையால் பற்றறி வராத ஊரில் அந்த டைனமோதான் றேடியோ. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றினால் செய்தி கேட்கும். நான் அதைப் பார்க்கிற பார்வையை அவர் கவனித்திருக்க வேண்டும். ஒருநாள் சைக்கிளில் டைனமோவைக் காணவில்லை. பாய் சுருட்டும்போது தலையணைக்குக் கீழே அகப்பட்டது. நான் சிரித்த சிரிப்பில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“காதுக்குத் தோடு வேணுமோ, காதுக்குச் செய்தி வேணுமோ, ரண்டிலை ஒண்டைச் சொல்லும்!”

சபை

மாப்பிள்ளையின் தாய் உடையார்கட்டிலிருந்து வந்தா. தேத்தண்ணி குடித்தா, கிணற்றைப் பார்த்தா, மாட்டைப் பார்த்தா, கடைசியாக ஜெயந்தியின் காதைப் பார்த்தா. தலையில் போட்டிருந்த சீலைத் தலைப்பை வீட்டுக்குள்ளும் எடுக்கவில்லை, வெயிலில் வந்தது தலையிடி என்றா.

“பொம்பிளைக்கு என்ன போடுறதா யோசினை?” என்று கேட்டா. ஜெயந்தி குசினிக்குள் ஓடிவிட்டாள். “எல்லாம் போடுவம் மாமி” என்றேன் நான். எந்தத் துணிவில் சொன்னேனோ தெரியாது. படலைவரை போனவ திரும்பி நின்றா.

“நாங்கள் ஒண்டும் கேக்கேல்லைப் பிள்ளை, ஆனாச் சபை கேக்கும்.”

கலியாணமா?

சபைக்குச் செப்புச் சிவப்பு சரிவராது, மஞ்சள் வேண்டும். மஞ்சள் என்றால் பித்தளைக் கம்பி. அது ஆமியின் பக்கம் இருக்கிற வவுனியாவில்தான். பிள்ளையின் கண்ணைக் காட்ட, வன்னியை விட்டு அங்கே ஆஸ்பத்திரிக்குப் போகப் பாஸ் கிடைத்தது. கடையில் கம்பி வாங்கிவிட்டேன், மலிவுதான். “கம்பிச் சுருளோடை வன்னிக்குப் போகேலாது அம்மா, சோதனையிலை ஆமி பறிச்சுப்போடும்” என்று காசை எண்ணி வாங்கியபிறகுதான் கடைக்காரர் சொன்னார்.

தங்கியிருந்த வீட்டில் அன்று முழுக்க இருந்து சுற்றினேன். சுருள் முடிந்தபோது கைக்குப் பன்னிரண்டு காப்பு, கழுத்தில் நாலு சங்கிலி, காதில் தொங்கட்டான், காலில் கொலுசு. எல்லாவற்றையும் நானே போட்டுக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கோயில் தேர் மாதிரிச் சோதனை வரிசையில் போய் நின்றேன். தடவிப் பார்த்த ஆமிப் பொம்பிளை ஒவ்வொரு காப்பாக எண்ணினாள். “தங்கமா?” என்றாள். “இல்லை, பித்தளை” என்றேன். பொய் சொல்ல எனக்கு என்ன வந்தது? “ஏன் இவ்வளவு?” என்றாள். நிமிர்ந்து நின்று, “கலியாணம்” என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், இடுப்பிலிருந்த என் மகளைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு கையைக் காட்டினாள், போகச்சொல்லி.

“பிள்ளை இருக்கு… இப்பத்தான் கலியாணமா?”

குசினிக்குள்

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பிரித்து ஜெயந்தியின் அளவுக்குத் திருப்பிச் சுற்றினேன். தகர டின்னின் அடியில் ஒட்டிக்கிடந்த வாணிஷை மோட்டர் அண்ணை சுரண்டித் தந்தார், மேலே பூசினேன். கலியாணத்தன்று அவள் மணவறையில் ஏறியபோது சொர்ணமக்கா என் தொடையில் கிள்ளினா. சபை பார்த்தது. ஒருதரும் ஒன்றும் கேட்கவில்லை.

பந்தி நடக்கும்போது மாப்பிள்ளையின் தாய் குசினிக்குள் வந்து தட்டியைச் சாத்தினா. இப்போதும் தலையில் சீலைத் தலைப்பு. பித்தளை என்று கண்டுபிடித்துவிட்டாவாக்கும், வரட்டும் ஒரு கை பார்ப்போம் என்று அகப்பையும் கையுமாக நிமிர்ந்தேன். அவ தலைப்பை மெல்ல விலக்கினா. இரண்டு காதிலும் ஈர்க்கு.

இத்தனை நாளாக நான் பயந்த சபை, தன்னுடைய காதை மூடிக்கொண்டுதான் எங்களுடைய காதைப் பார்த்திருக்கிறது.

“எனக்கும் ஒரு சோடி செய்து தாரும் பிள்ளை, இப்பவே தந்தாப் போட்டுக்கொண்டே பந்தியிலை இருப்பன்.”