வாலைத் தூக்கிய கார்

என் கணவர் கார் வாங்கிய பெருமையைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். வந்தவர் முன்னால் சிரித்துத் தொலைப்பேனே என்ற பயம்தான். எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேறும் மூட்டைகளை எண்ணிக் கோடு போடுகிற ஒரு குமாஸ்தா கார் வாங்குவது சின்ன விஷயமா? எப்படி வாங்கினார் என்று அன்று பலர் கேட்டார்கள். என் கழுத்தைப் பார்த்தவர்கள் கேட்கவில்லை.

ஆடம்பரத்துக்காக வாங்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். முந்தின வருடம் ஆறு மாத வயிற்றோடு வேம்பாருக்கு, என் அம்மா வீட்டுக்கு, கோயில் திருவிழாவுக்காக நாங்கள் இருவரும் பஸ்ஸில் போனோம். உப்பளங்களுக்கு நடுவே போகும் அந்தக் கடற்கரை ரோடு, ரோடு என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பள்ளத்தை எங்களுக்கு விட்டிருந்தது. மறுநாள் வலி வந்தது. பிள்ளை தங்கவில்லை. ஆண் பிள்ளை. பஸ்ஸால்தான் என்று சொல்ல முடியாது, வேறு காரணங்களும் இருக்கும் என்றார் லேடி டாக்டர். அந்தப் பேச்சு முழுவதிலும் என் கணவர் காதில் ஏறியது பஸ் என்ற ஒரு சொல்தான். அதன் பிறகு அந்தப் பிள்ளையைப் பற்றி அவர் ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லை. என்மேல் கோபம் போலிருக்கிறது என்று நினைத்து நானும் திறக்கவில்லை.

மறுபடி உண்டானேன். இந்த முறை உடம்பு குலுங்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். தலைப்பிள்ளை தாய் வீட்டில் பிறக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வழியில் போன பிள்ளையை ஊர் சேர்த்துக்கொள்வதில்லை. ஆகவே இதுதான் தலைப்பிள்ளை. ஏழாம் மாதம் நான் வேம்பார் போயாக வேண்டும், குலுங்கக் கூடாது, பஸ்ஸில் ஏறக் கூடாது. மூன்றையும் கூட்டிப் பார்த்து அவர் கண்ட விடைதான் கார்.

நாட்டில் அன்று ஓடியதே இரண்டு மூன்று வகைக் கார். அதில் உருண்டையாக, நிறைமாதக்காரி மாதிரி இருக்கும் வகை எங்களுடையது. ஏரலில் ஒரு வாழைக்காய் வியாபாரியிடம் வாங்கினார். அந்தப் புண்ணியவான் ஆட்களை முன்னால் ஏற்றி, வாழைத்தார்களைப் பின்னால் திணித்து வருடக்கணக்கில் ஓட்டியிருக்கிறார். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள், வில்லாக வளைந்து இருக்க வேண்டியவை, பாய் போலப் படுத்துவிட்டன. கார் வீட்டு வாசலில் வந்து நின்றபோது பின்பக்கம் தரையைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தது.

என் மாமனார் சுற்றி வந்து பார்த்தார். கொழும்புக்குத் தோணி ஓட்டிய தண்டல் அவர். தோணியில் அவர் சொன்னதுதான் சட்டம். கரையேறிப் பத்து வருடம் ஆகியிருந்தாலும் உடம்பு மட்டும்தான் கரையேறியிருந்தது.

"ஏலே, முன்னால அணியம் தூக்கி நிக்கி, பின்னால தாழ்ந்து கெடக்கே. ஒரு அலைக்குத் தாங்குமா இது?" என்றார்.

"அப்பா, இது தோணி இல்ல. கார்."

"எதுவா இருந்தா என்னலே? தாழ்ந்தது முங்கும்."

முங்கத்தான் செய்தது. என்னை ஏற்றுவதற்கு முன் ஒரு வெள்ளோட்டம் பார்க்க அப்பாவும் மகனும் வேம்பார் ரோட்டில் கிளம்பினார்கள். உப்பளத்துக்குக் கடல் தண்ணீர் போகிற வாய்க்கால் மேட்டில் காரின் வயிறு இடித்தது. போகும்போது அடியில் இருந்த சைலன்சர், திரும்பும்போது என் மாமனார் மடியில் இருந்தது. கார் வருகிறது என்பதைத் தெரு முழுவதும் முன்கூட்டியே தெரிந்துகொண்டது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் காரின் உயரம் தவிர வேறு பேச்சில்லை. மசக்கையில் நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்க ஆளில்லை. தரைக்கும் காரின் அடிவயிற்றுக்கும் எத்தனை விரற்கடை என்று தினமும் காலையில் குனிந்து பார்க்க ஒருவர் இருந்தார். பட்டறை வைத்திருந்த அண்ணாச்சி மூன்று வழி சொன்னாராம். பழைய பட்டைகளைக் கழற்றி, காய்ச்சி அடித்து மறுபடி வளைக்கலாம். சீக்கிரம் திரும்பப் படுத்துவிடும். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைக்கலாம். உயரம் கிடைக்கும், வளைவில் ஆடும். இல்லையென்றால் பக்கத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகச் சேர்க்கலாம். கொஞ்சம் உயரும், கொஞ்சம் இறுகும். கடைசி வழிதான் நல்லது என்றாராம் அண்ணாச்சி.

என் கணவர் பத்து நாள் யோசித்தார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது பத்து நிமிடம்கூட யோசிக்கவில்லை என்பதை நான் எடுத்துச் சொன்னேன். அது அவருக்குக் கேட்கவில்லை. கடைசியில் மூன்றையும் விட்டுவிட்டு நாலாவது ஒன்றைக் கண்டுபிடித்தார். லாரிப் பட்டை. ஒன்றுக்குப் பதில் இரண்டு. பக்கத்துக்கு இரண்டு.

"தம்பி, அது பத்து டன் சொமக்கிற லாரிக்கு உள்ளது. ஒங்க கார அது தூக்கும், தூக்கிட்டுத் துள்ளும்" என்று அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டாராம்.

"துள்ளினா பரவால்ல அண்ணாச்சி. இடிக்கக் கூடாது."

இடிக்கவில்லை. கார் வாலைத் தூக்கிக்கொண்டு, மூக்கைத் தரையில் வைத்து, கோழி குப்பையைக் கொத்துகிற மாதிரி வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு அதில் ஏற்றிக்கொண்டு போவதாகச் சொன்னார். பூசைக்கு நடந்தே போகிறேன், முதலில் இதற்கு ஒரு பரீட்சை வைப்போம் என்றேன். ஒரு சொம்பில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றினேன். நான் உட்கார வேண்டிய பின்சீட்டில் மாமனாரை உட்காரவைத்து, சொம்பை அவர் மடியில் கொடுத்தேன். துறைமுகம் வரை போய்த் திரும்பட்டும், மிச்சம் இருப்பதைப் பார்த்து முடிவு சொல்கிறேன் என்றேன்.

திரும்பி வந்தபோது சொம்பு காலி. மாமனாரின் வேட்டி பிழியும்படி இருந்தது. கொழும்புக் கடலில்கூட இப்படி நனைந்ததில்லை என்று அவரே ஒத்துக்கொண்டார்.

சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் அன்று சாயங்காலம் காலிச் சொம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மறுபடி நிமிர்த்தி உள்ளே பார்த்தேன். வயிற்றில் இருப்பதும் அந்தத் தண்ணீர் மாதிரிதானே என்று தோன்றிவிட்டது. எனக்குப் பயமாக இருந்தது. பயம் என்று சொல்லத் தெரியாமல் ஆறு மாதமும் கிண்டல் செய்துகொண்டிருந்தேன்.

அடுத்த யோசனை மாமனாருடையது. கடலில் முப்பது வருடம் இருந்தவர் யோசனை, தப்பாகுமா?

"வெறுந்தோணி அப்படித்தாம்லே ஆடும். சரக்கு இல்லாத தோணிய எவனாவது கடல்ல விடுவானா? அடியில பாரம் ஏத்துலே. தன்னால அமரும்."

என் கணவர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது. பாரத்துக்குக் கல்லோ மணலோ ஏற்றியிருக்கலாம். தூத்துக்குடியில் மூட்டையாகவே கட்டி, கேட்ட நேரத்தில் கிடைக்கிற பாரம் எது என்று நான் சொல்லித்தானா தெரிய வேண்டும்? நாலு மூட்டை உப்பு வந்து இறங்கியது. டிக்கியில் அடுக்கினார்கள். கார் மெதுவாக, அழகாக, பின்பக்கமாக அமர்ந்தது.

சொம்புப் பரீட்சை மறுபடி நடந்தது. முக்கால் சொம்பு மிச்சம். இருவரும் துறைமுகத்துக்கு முதல் கப்பலைக் கொண்டுவந்தவர்கள் மாதிரி வாசலில் நின்றார்கள். நான் குனிந்து காருக்கு அடியில் பார்த்தேன்.

"மாமா, இது வாங்கிட்டு வந்த அன்னிக்கு எவ்வளவு ஒசரத்துல இருந்துச்சு?"

மாமனார் குனிந்து பார்த்தார். என் கணவரும் குனிந்து விரலால் அளந்தார். ஏரலிலிருந்து வந்த அன்று இருந்த அதே உயரம். தூக்குவதற்கு லாரிப் பட்டை, தூக்கியதை இறக்குவதற்கு உப்பு மூட்டை என்று இரண்டு மாதம் பாடுபட்டு, புறப்பட்ட இடத்துக்கே பத்திரமாக வந்து சேர்ந்திருந்தார்கள். பட்டறை அண்ணாச்சி இதைக் கேள்விப்பட்டு ஒரு நாள் கடையடைத்துவிட்டுச் சிரித்தார் என்று சொன்னார்கள். நான் நம்புகிறேன்.

அந்த நிலையில் மூட்டைகளை இறக்கியிருந்தால் காராவது தப்பியிருக்கும். மூட்டை இருக்கட்டும், இன்னும் ஒரு பட்டை சேர்த்தால் உயரமும் கிடைக்கும், ஆட்டமும் இருக்காது என்று கணக்குப் போட்டுக்கொண்டே நாளைக் கடத்தினார் என் கணவர். ஐப்பசி பிறந்தது. மழை ஈரத்தில் உப்பு கசியும் என்பது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். டிக்கிக்குள் இருந்த உப்பு மட்டும் ஊர் வழக்கத்தை மீறி நடந்துகொள்ளும் என்று இவர்கள் எதிர்பார்த்தார்கள். வாழைத்தார் ஈரத்தில் ஏற்கெனவே பொரிந்துபோயிருந்த தகரம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயில் கூட்டம் வெளியே வருகிற நேரமாகப் பார்த்து, டிக்கியின் அடி கிழிந்து ஒரு மூட்டை ரோட்டில் விழுந்து உடைந்தது. பாரம் குறைந்த கார் ஒரு துள்ளுத் துள்ளி நின்றது. வேறு ஊராக இருந்தால் உப்பை அள்ளவாவது நாலு பேர் வந்திருப்பார்கள். எங்கள் ஊரில் தெருவில் கொட்டிய உப்பைத் தாண்டிப் போவார்கள். தாண்டித் தாண்டிச் சிரித்தார்கள்.

எனக்கு அப்போது எட்டாம் மாதம் தொடங்கியிருந்தது. ஏழாம் மாதமே போயிருக்க வேண்டியவள். அன்று மத்தியானம் யாரிடமும் கேட்காமல் என் அம்மாவுக்கு ஒரு கார்டு எழுதினேன். ரோடு சரியில்லை, கார் சரியில்லை, என்னால் வர முடியாது, நீ வா என்று நாலு வரி. சம்பந்தி வீட்டில் வந்து பேறுகாலம் பார்ப்பது என் அம்மாவுக்குக் கௌரவக் குறைச்சல். மருமகளின் தாயை வரவழைப்பது என் மாமனாருக்குக் கௌரவக் குறைச்சல். இரண்டு கௌரவங்களுக்கு நடுவில் என் வயிறு எவ்வளவு நாள்தான் காத்திருக்கும்?

கார்டு போய்ச் சேர்ந்த மறுநாள் அம்மா வந்துவிட்டாள். பஸ்ஸில். உட்கார இடம் கிடைக்காமல் வேம்பாரிலிருந்து நின்றுகொண்டே. ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி.

"ஏளா, இத மூணு மாசத்துக்கு முந்தி எழுதினா ஒங்கையி ஒடஞ்சா போவும்?" என்றாள்.

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டார். என் கணவர் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். மிச்ச மூட்டைகளை இறக்கிவிட்டு, டிக்கியின் ஓட்டையில் பலகை அடித்தார். கார் மறுபடி வாலைத் தூக்கிக்கொண்டது. அதைச் சரிசெய்ய அவர் அதன் பிறகு முயலவே இல்லை. விளையாட்டுச் சாமான் உடைந்த பிள்ளை மாதிரி சுற்றிக்கொண்டிருந்தார். எனக்கே பாவமாக இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வலி எடுத்தது. ஆஸ்பத்திரி ஊருக்குள்தான், ஒரு மைல் இருக்கும். அம்மா ஒரு பக்கம் என்னைத் தாங்கிக்கொண்டு காரின் பின்சீட்டில் உட்கார்ந்தாள். அவர் ஓட்டினார். ஓட்டினார் என்பது மரியாதைக்காகச் சொல்வது. ஒரு சின்னக் கல்லைக்கூடச் சுற்றிக்கொண்டு போனார். சைக்கிளில் வந்த மீன்காரர் எங்களைத் தாண்டிப் போனார். தலையில் பெட்டியோடு நடந்து வந்த ஒரு அம்மாவும் தாண்டிப் போனார்.

எனக்கு வலி, கோபம் இரண்டும் சேர்ந்து வந்தது. "தள்ளிக்கிட்டா போறீங்க? கொஞ்சம் வெரசாப் போங்களேன்!" என்று கத்தினேன்.

அவர் திரும்பவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"அன்னிக்கு பஸ்ல முன்னால எடம் இருந்துச்சு. பின்னால சன்னல் ஓரம் ஒனக்குக் காத்து வரும்னு நாந்தான் அங்கன கூட்டிட்டுப் போனேன். கடைசி சீட்டு. தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. நாந்தான் உக்கார வச்சேன்."

ஒன்றரை வருடத்தில் அந்தப் பிள்ளையைப் பற்றி அவர் பேசிய முதல் பேச்சு. அவர் கோபம் என்மேல் இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவரைச் சும்மா இருக்க விடாமல் அடித்தது எது என்பதும். வலி ஒன்று வந்து, இடுப்பைப் பிடித்து இறுக்கி, விட்டது. மூச்சு வந்ததும் சொன்னேன்.

"முன்னால எடம் இருந்தத நானும் பாத்தேன். எனக்கும் காத்துதான் வேணும்னு இருந்துச்சு. அதாம் பேசாம வந்து உக்காந்தேன்."

நானும் அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவர் நடு ரோட்டில் காரை நிறுத்திவிட்டார். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. நான் எட்டி அவர் தோளைத் தொட்டேன். பின்னால் ஒரு மாட்டுவண்டிக்காரர் சத்தம் போட்டார்.

"மருமவனே, அழுவணும்னா பொறவு அழுவலாம். புள்ள தல முட்டுது, வண்டிய விடுங்க!" என்றாள் என் அம்மா.

அவர் விட்டார். பள்ளம் மேடு எதையும் பார்க்கவில்லை. கார் துள்ளித் துள்ளிப் போனது. ஒவ்வொரு துள்ளலுக்கும் நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அலறினேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த கால் மணி நேரத்தில் மகள் பிறந்தாள். பிறந்தவுடனே ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதாள். வராந்தாவில் நின்ற என் கணவர் அந்தச் சத்தத்தைக் கேட்டு நர்சைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.