தாய்ச்சி அம்மன்

வீரம்மாளுக்குச் சாமி வருகிறது என்று கவுஞ்சி ஊர் முழுக்கப் பேச்சு. வராத சாமியை வரவில்லை என்று எப்படி நிரூபிப்பது?

அவள் கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்கார டீச்சரம்மா வீட்டில் சமையல் வேலை பார்த்தவள். குளிர்காலம் வந்தால் மூச்சு இரைக்கும். டீச்சரம்மாதான் அவளைப் புல்வெளிக்கு இழுத்துப் போய், தான் தினமும் செய்யும் சீன தேசத்துப் பயிற்சியைப் பழக்கினார். பெயர் தாய்ச்சி. கையையும் காலையும் தண்ணீருக்குள் நடப்பதுபோல் மெதுவாக நகர்த்த வேண்டும். ஆயுசுக்கும் விடாதே என்றும் சொல்லிவைத்தார். மூச்சு அடங்கியது. டீச்சரம்மா சொந்த நாட்டுக்குத் திரும்பிய பிறகு, வீரம்மாளும் ஊருக்கு வந்து, வெள்ளனே எழுந்து பூண்டுக்காட்டு ஓரத்தில் அதையே செய்துவந்தாள்.

பார்த்தவர்கள் என்னவென்று கேட்டார்கள். "தாய்ச்சிங்க" என்றாள். அவர்கள் காதில் தாயி என்று விழுந்தது. சத்தமில்லாமல் இறங்குகிற புது அம்மன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். உடம்புக்கான எக்சர்சைஸ் என்று இவள் தலையில் அடித்துக்கொண்டதற்கு அடக்கம் என்று பெயர் வைத்தார்கள். சிரித்துவிட்டுப் போயிருக்கலாம், சண்முகசுந்தரி மட்டும் வராமல் இருந்திருந்தால்.

அவள் பக்கத்துக் காட்டுக்காரி. மகன் மனோஜ்குமார் பைக்கில் விழுந்து, ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். டாக்டர்கள் காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். பிள்ளை எழுந்திருப்பானா என்று ஒரு வாக்கு கேட்டு விடியுமுன்னே வந்து நிற்பாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று வீரம்மாள் கையைப் பிடித்துச் சொன்னால் தலையாட்டுவாள். மறுநாளும் வந்து நிற்பாள். அவளுக்குப் பயந்து பயிற்சியை விட்டுப் பார்த்தாள் வீரம்மாள். இரைப்புத் திரும்பி வந்தது. வேறு வழியில்லாமல் மறுபடி காட்டோரம் போனாள்.

அன்றைக்கு நல்ல பனி. கண்ணை மூடி இரண்டு கையையும் முன்னால் நீட்டியபோது உள்ளங்கையில் ஏதோ சூடாகப் பட்டது. சண்முகசுந்தரியின் நெற்றி. பயிற்சியில் அடுத்த அசைவு கையைப் பின்னுக்கு இழுப்பது. பழகிய உடம்பு யோசிக்காமல் இழுத்துவிட்டது.

சண்முகசுந்தரி ஈரமண்ணில் அப்படியே உட்கார்ந்தாள். "கையை எடுத்துட்டியே, தாயி."

"சுந்தரி, அதுல அடுத்து கையை எடுக்கணும்டி. அம்புட்டுத்தான்" என்று வீரம்மாள் கெஞ்சினாள். கெஞ்சக் கெஞ்ச சுந்தரியின் அழுகைதான் கூடியது.

வேறென்ன செய்வாள் வீரம்மாள், பாவம். குனிந்து அவள் தலையில் மறுபடி கையை வைத்தாள். அழுகை நின்றது. வைத்த கையை எடுக்க இப்போது அவளுக்குத் தைரியம் இல்லை. வெயில் ஏறும்வரை அப்படியே குனிந்து நின்றாள், மூச்சு இரைக்க இரைக்க.