இசக்கியம்மாள் இறங்கவில்லை

பம்பாய் குர்லாவில் நயினாரின் மோட்டார் ஒர்க்‌ஷாப்புக்கு எதிரில் என் சைக்கிள் கடை. நயினார் கெட்டிக்கார மெக்கானிக். வாய்தான் கொஞ்சம் நீளம். அவன் மனைவி இசக்கியம்மாள் நேர் எதிர். காலையில் தாராவியிலிருந்து சோற்றுத் தூக்கோடு அவனுடன் வருவாள். பேசாமல் வேலை செய்துவிட்டுப் பேசாமல் போவாள்.

எண்ணெய் பிரேக்கைப் பிரித்துப் பூட்டினால் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் கீழே படுத்துச் சக்கரத்துத் திருகைத் திறந்து மூடுவார். யுத்த காலத்தில் கையாள் ராணுவ வேலைக்கு ஓடிவிட, பெடல் இவள் பொறுப்புக்கு வந்தது. "அமுக்கு" என்றால் அமுக்குவாள், "விடு" என்றால் விடுவாள். நான்கு வருஷமாக இதே வேலை. புருஷன் தொழில் பேசும் இடத்தில் பெண்சாதி வாய் திறப்பது அவர்கள் ஊரில் பெரிய அவமானம். அவளும் திறந்ததில்லை.

1947 தை மாதம் மாட்டுங்கா பஞ்சாபகேசன் தன் பழைய காரைக் கொண்டுவந்தார். நான்கு சக்கரத்திலும் பிரேக் பிடித்துக்கொண்டு விடவில்லை. பிரேக் எண்ணெய் மூடியைத் திறந்து மோந்து பார்த்த நயினார் தலையில் அடித்துக்கொண்டான்.

"சாமி, இதுல என்னத்த ஊத்துனீங்க?"

"பிரேக் ஆயில் எங்கேயும் கிடைக்கலை. ஆத்துல நல்லெண்ணெய் இருந்தது..."

"காருக்கும் சனிக்கெழமை முழுக்கா? வெளக்கெண்ணெய ஊத்தியிருந்தாக்கூட ரப்பர் பொழைச்சிருக்கும். இப்ப எல்லாம் ஊதிப்போச்சு!"

சக்கரங்களின் ரப்பரையெல்லாம் மாற்றினான். குழாய்களை ஸ்பிரிட்டால் கழுவினான். பெடலோடு சேர்ந்த பெரிய சிலிண்டருக்கு மட்டும் புது ரப்பர் அகப்படவில்லை. பழையதையே கழுவி, "பராபர் இருக்கு, இதுவே போதும்" என்று போட்டுவிட்டான்.

மறுநாள் பஞ்சாபகேசன் மனைவி பாகீரதியோடும் கைக்குழந்தையோடும் வந்து நின்றார். புனாவில் மைத்துனனுக்குக் கல்யாணம். கண்டாலா மலைப்பாதையில் போய்வர வேண்டும். கடைசிச் சக்கரத்திலும் காற்று எடுத்தாயிற்று. பாகீரதி குழந்தையுடன் பின்சீட்டில் ஏறிவிட்டாள். இசக்கியம்மாள் முன்சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை.

"எறங்குட்டீ" என்றான் நயினார்.

அவள் பெடலிலிருந்து காலை எடுக்காமல் குனிந்தே இருந்தாள்.

"என்ன நயினார், நாழியாறதே" என்றார் பஞ்சாபகேசன்.

நயினாருக்கு முகம் சிவந்துவிட்டது. "செவிடா நீ? ஆளுக முன்னால மானத்த வாங்காத, எறங்கு!" என்று கத்தினான். எனக்கே அவன் மேல் கோபம் வந்தது. ஸ்பானரைப் போட்டுவிட்டு எழுந்து போனேன். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் கால் அசையவில்லை.

"ஏங்க, கொஞ்சம் உள்ள பாருங்க" என்றாள் மெதுவாக.

நயினார் குனிந்து பார்த்தான். நானும் பார்த்தேன். அவள் பாதம் பெடலோடு சேர்ந்து அடிப்பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அடுத்தடுத்து மிதித்தால் பெடல் கல்லாக நிற்கிறது. ஒரே அழுத்தாக வைத்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடுகிறது. வெளியே ஒரு சொட்டு ஒழுகவில்லை. கழுவிப் போட்ட அந்தப் பழைய ரப்பர்தான் உள்ளுக்குள்ளேயே எண்ணெயை விட்டுக்கொண்டிருந்தது. மலை இறக்கத்தில் காலை அழுத்தியபடியே வந்தால் பாதியில் பிரேக் போய்விடும்.

அவளை இறக்கிவிட்டு நயினார் தானே உட்கார்ந்து மிதித்தான். மறுபடியும் மிதித்தான். பிறகு வெளியே வந்து, "சாமி, ரயில்ல போங்க. காடி இன்னிக்கு வராது. தப்பு என் மேலதான்" என்றான். பாகீரதி குழந்தையை மார்போடு அணைத்தபடி அவசரமாகக் கீழே இறங்கினாள்.

அவர்கள் டாக்சி பிடித்துப் போன பிறகு நான் டீ வாங்கிக்கொண்டு போனேன். நயினார் டயர் மேல் உட்கார்ந்திருந்தான். கழற்றிய பழைய ரப்பரை விரலால் உருட்டிக்கொண்டிருந்தான்.

"நான் அதட்டினப்ப நீ எறங்கியிருந்தா?" என்றான் அவளிடம்.

இசக்கியம்மாள் டீயை வாங்கி அவன் கையில் கொடுத்தாள். "எறங்கியிருந்தா, அந்தப் பிள்ளைய நெனைச்சு நீங்க ஆயுசுக்கும் ஒறங்கியிருக்க மாட்டிய" என்றாள்.